தள்ளுபடி இல்லாத கடன்: நெருக்கடிக்குப் பிந்திய இலங்கையும் அபிவிருத்தி வங்கிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதியைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்குப் பிறகு "உலக வங்கி ஒப்புதல்", "ஆசிய அபிவிருத்தி வங்கியுடன் கைச்சாத்து" என்ற தலைப்புகள் இல்லாத மாதம் குறைவு. பணம் வருகிறது என்று தெரிகிறது. எதற்கு வருகிறது, என்ன நிபந்தனையில் வருகிறது, யார் கட்டுவார்கள் என்பது செய்தியில் இருப்பதில்லை. திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

நாணய நிதியமும் அபிவிருத்தி வங்கியும் ஒன்றுதானே?

இல்லை. சர்வதேச நாணய நிதியத்தின் வேலை நாட்டின் வரவு செலவையும் அந்நியச் செலாவணி நிலையையும் சரிசெய்வது. அது பாடசாலை கட்டாது, வீதி போடாது. 2023 மார்ச் 20 அன்று அது ஒப்புக்கொண்ட ஏறத்தாழ 3 பில்லியன் டொலர், 48 மாதங்களில் தவணை தவணையாக வருவது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு மீளாய்வு உண்டு. இலங்கை அங்கே போனது அது 17ஆவது முறை.

உலக வங்கியும் மணிலாவில் இருக்கும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் வேறு வகை. நீண்டகாலக் கடன் கொடுத்து, துறை துறையாக வேலை செய்பவை. இலங்கைக்கு இரண்டும் புதியவை அல்ல. 1950களிலேயே உலக வங்கிப் பணத்தில் லக்ஷபான நீர்மின் திட்டம் நடந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி 1966இல் தொடங்கியபோதே இலங்கை அதன் உறுப்பினர்.

"நாட்டுப் பங்காண்மை மூலோபாயம்" என்று ஓர் ஆவணம் வெளியிடுகிறார்களே, அதைப் படித்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்கு எந்தத் துறைக்குக் கடன் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதற்கு அதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு கிடையாது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் இப்போதைய மூலோபாயம் 2024 முதல் 2028 வரைக்கும் உரியது. அரச நிதி நிர்வாகத்தையும் ஆட்சிமுறையையும் பலப்படுத்துவது, தனியார் துறையையும் பசுமை வளர்ச்சியையும் ஊக்குவிப்பது, எல்லோருக்கும் பொதுச்சேவை கிடைக்கவும் காலநிலை அதிர்ச்சிகளைத் தாங்கவும் வழி செய்வது ஆகிய மூன்றும் அதன் முனைகள். உலக வங்கியும் இதையொட்டிய காலத்துக்குத் தன் சட்டகம் ஒன்றை வைத்திருக்கிறது.

வாசிக்கும்போது அழகான சொற்களைத் தாண்டிப் போங்கள். பார்க்க வேண்டியது வரிசை. போருக்குப் பிந்திய பத்தாண்டில் அபிவிருத்திக் கடன் என்றால் கண்முன்னே வருவது வீதியும் பாலமும். இப்போதைய ஆவணத்தில் முதலிடம் அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்துக்கு. கொங்கிரீட் பின்னால் போய்விட்டது. வங்கிகள் திடீரென மனம் மாறியதால் அல்ல. வருமானமில்லாத அரசாங்கத்துக்குக் கட்டித் தந்த எதையும் பராமரிக்கக்கூடக் காசு இருக்காது என்பது 2022இல் அப்பட்டமாகத் தெரிந்துவிட்டது.

2022இல் மக்கள் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றபோது ஏன் உடனே பெரிய கடன் தரவில்லை?

பலருக்கு இன்னும் ஆறாத கோபம் இது. கேள்வி நியாயமானதுதான். அப்போது உலக வங்கி செய்தது, ஏற்கெனவே ஒப்புதலாகி இருந்த திட்டங்களின் பணத்தைத் திருப்பிவிட்டது. மருந்து, சமையல் எரிவாயு, உரம், வறிய குடும்பங்களுக்கான கொடுப்பனவு என்று அது போனது. புதிய பணம்தான் வரவில்லை. போதுமான பொருளாதாரக் கொள்கைச் சட்டகம் அமையும்வரை புதிய நிதி கொடுக்கும் எண்ணம் இல்லை என்று 2022 ஜூலையில் வெளிப்படையாகவே அறிக்கை விட்டது. அந்த நேரத்தில் நாட்டை ஓட்டியது பெரும்பாலும் இந்தியா கொடுத்த ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் உதவி.

காரணம் கொடூரமாகத் தோன்றும், ஆனால் எளிது. கடன் நிலை தாங்கத்தக்கதாக இல்லாத நாட்டுக்கு மேலும் கடன் கொடுத்தால் அந்தப் பணம் பழைய கடன்காரரின் கைக்கே போய்ச் சேரும். அதனால் முதலில் நாணய நிதியத்தின் ஒப்புதல், அப்புறம்தான் மற்றவர்கள். அப்படித்தான் நடந்தது. 2023 மார்ச்சில் நாணய நிதியம், மே மாதத்தில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் 350 மில்லியன், ஜூன் கடைசியில் உலக வங்கியின் 700 மில்லியன் டொலர்.

அந்த 700 மில்லியனில் என்ன கட்டினார்கள்? ஒன்றையும் காணோமே?

கட்டுவதற்கு வந்த பணம் அல்ல அது. அதில் 500 மில்லியன் வரவு செலவுத் திட்டத்துக்கான நேரடி ஆதரவு, இரண்டு சம தவணைகளில். மிச்சம் 200 மில்லியன் நலன்புரிக் கொடுப்பனவுகளுக்கு. கொள்கைக் கடன் எனப்படும் இந்த வகையில் பணம் திறைசேரிக்குப் போகும். அதற்கு விலையாக அரசாங்கம் சில சட்டங்களையும் தீர்மானங்களையும் நிறைவேற்றிக் காட்ட வேண்டும். டொலர் கொடுத்துச் சட்டம் வாங்குகிறார்கள் என்று சொன்னால் மணிலாவிலும் வாஷிங்டனிலும் முகம் சுளிப்பார்கள். பெரிய தவறில்லை.

அந்தக் காலத்தில் வந்தவற்றைப் பாருங்கள்: மத்திய வங்கி அரசாங்கத்துக்கு நோட்டடித்துக் கொடுப்பதைத் தடுக்கும் 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம், அதே ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், 2024இல் பொதுக்கடன் முகாமைத்துவச் சட்டம், பொது நிதி முகாமைத்துவச் சட்டம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நாணய நிதியத்தின் நிபந்தனையோ, வங்கிகளின் கொள்கைக் கடனோ, அவர்களின் ஆலோசகர் குழுவோ இருந்திருக்கும். இவற்றில் பல, நாமே இருபது ஆண்டுகளுக்கு முன் செய்திருக்க வேண்டியவை. அதைச் செய்விக்க வெளியிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது என்பதில் எனக்குக் கசப்பு உண்டு. சட்டத்தின் மேல் அல்ல அந்தக் கசப்பு.

நடுத்தர வருமான நாடு என்று பெருமைப்பட்டோமே, பிறகு எப்படிச் சலுகைக் கடன்?

2017இல் இலங்கை உலக வங்கியின் சலுகைக் கடன் பட்டியலிலிருந்து மேலே போனது. வறிய நாடுகளுக்கான குறைந்த வட்டி இனி வேண்டாம் என்ற நிலை. 2022 டிசம்பரில் அதே பட்டியலுக்குத் திரும்பி இறங்கினோம். ஆசிய அபிவிருத்தி வங்கியிலும் சலுகைக் கதவு திறந்தது. கௌரவத்துக்குக் குறைச்சல்தான், கணக்குக்கு நல்லது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் சலுகைக் கடனுக்கு வழக்கமான விதி 2 சதவீத வட்டி, 25 ஆண்டுக் காலம், முதல் 5 ஆண்டுக்கு மூலத்தொகையைக் கட்ட வேண்டியதில்லை. நெருக்கடிக்கு முன் சர்வதேசச் சந்தையில் விற்ற டொலர் முறிகளில் (அரசு கடன் வாங்க விற்கும் பத்திரங்களில்) சிலவற்றுக்கு 7 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தோம், அதுவும் பத்தாண்டில் முழுத்தொகையையும் ஒரே நாளில் கட்டும் நிபந்தனையோடு.

சரி, எல்லாக் கடன்காரரும் விட்டுக்கொடுத்தார்களே. இந்த வங்கிகள் ஏன் ஒரு சதமும் விட்டுக்கொடுக்கவில்லை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும்.

கடன் மறுசீரமைப்பில் யார் யார் இருந்தார்கள்? இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையில் கடன் கொடுத்த நாடுகளின் குழு 2024 ஜூனில் 5.8 பில்லியன் டொலர் கடனுக்கு நீண்ட தவணை கொடுத்தது. சீனாவின் எக்ஸிம் வங்கி ஏறத்தாழ 4.2 பில்லியனுக்குத் தனியே உடன்பட்டது. 12.55 பில்லியன் டொலர் மதிப்புள்ள முறிகளை வைத்திருந்தவர்கள் 2024 டிசம்பரில் புதிய முறிகளுக்கு மாறினார்கள். உள்நாட்டில் 2023இல் ஊழியர் சேமலாப நிதியின் முறிகளை மாற்றினார்கள். 2025 வரை 12 சதவீதம், அதற்குப் பின் 9 சதவீதம் என்று வட்டி குறைந்தது. அதாவது ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணின் ஓய்வுகாலச் சேமிப்பும் இந்த மறுசீரமைப்புக்குப் பங்களித்தது.

உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் அந்தப் பட்டியலில் இல்லை. 2022 ஏப்ரல் அறிவிப்பிலேயே அவற்றின் கடனுக்கு விலக்கு இருந்தது. பெற்றோலுக்கு டொலர் இல்லாத நாட்களிலும் அவற்றுக்குத் தவணை போய்க்கொண்டிருந்தது. வீட்டில் எத்தனை கடன் இருந்தாலும் பலசரக்குக் கடைக் கொப்பியை மட்டும் மாதாமாதம் தீர்ப்பார்களே, அந்தக் கணக்கு. அங்கே பெயர் கெட்டால் நாளைக்கு அரிசி இல்லை.

அவர்கள் தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த வங்கிகள் உலகச் சந்தையில் மிக உயர்ந்த தரமதிப்பீட்டோடு கடன் வாங்கி, அந்த மலிவை நமக்குக் கடத்துகின்றன. "எங்களுக்கு எந்த நாடும் தவறாமல் கட்டும்" என்ற நம்பிக்கைதான் அந்தத் தரமதிப்பீட்டின் அடித்தளம். ஒரு நாட்டுக்குத் தள்ளுபடி செய்தால் அடுத்த நாட்டுக்கு வட்டி ஏறும். தவிர, வேறு எவரும் கொடுக்காத நேரத்தில் கொடுப்பதால் முன்னுரிமை கேட்பதில் நியாயம் உண்டு என்பார்கள். அந்த நியாயத்தின் பெரும்பகுதியை நானும் ஏற்கிறேன்.

ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது, நம் விவாதங்களில் அது வருவதே இல்லை. வட்டி குறைந்த கடன் என்பதால் இதை லேசான கடன் என்று நினைக்கிறோம். உண்மையில் எவ்வளவு மோசமான நிலை வந்தாலும் தப்பிக்க முடியாத கடன் இதுதான். முறிக்காரரோடு பேரம் பேசலாம், சீனாவோடு பேசலாம். இங்கே பேச்சே இல்லை. போதாததற்குக் கடன் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஒரு சதம் புதிதாக வாங்காமலேயே ரூபாய்க் கணக்கில் கடன் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. ஆகவே 2 சதவீதமா 7 சதவீதமா என்பதோடு, இந்தப் பணம் டொலர் சம்பாதிக்குமா, டொலர் செலவை மிச்சப்படுத்துமா, அரசாங்கத்தின் வருமானத்தைக் கூட்டுமா என்றும் ஒவ்வொரு திட்டத்திடமும் கேட்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்காவது ஆம் என்று வராத திட்டத்துக்கு 25 ஆண்டுக் கடன் எடுக்க மிகப் பலமான வேறு காரணம் வேண்டும்.

அப்படியென்றால் கல்விக்கும் குடிநீருக்கும் கடன் வாங்கக் கூடாதா?

வாங்கலாம். குடிநீர் அந்த "வேறு காரணம்". ஆனால் அங்கேயும் கணக்கு முடிவதில்லை என்பதற்கு யாழ்ப்பாணக் குடிநீர்த் திட்டமே நல்ல உதாரணம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு 2010இல் தொடங்கிய யாழ்ப்பாண–கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம், இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் யோசனையோடு பிறந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். குளம் பெருப்பித்தாலும் சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாமல் போகும் என்ற அவர்களின் பயம் காரணமற்றது அல்ல. வருடக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் மருதங்கேணிப் பக்கம் தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் என்று திட்டம் மாறியது. கடற்றொழிலாளர்களுக்கு அதிலும் அச்சம் இருந்தது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடிய அந்த நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

தொடங்கியதிலிருந்து 14 ஆண்டுகள். தண்ணீர் வந்தது நல்லது. கிணறுகள் உவர்ப்பதும், நைத்திரேற்று கலப்பதும், சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததும் கண்ட குடாநாட்டுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கடல்நீரைச் சுத்திகரிப்பது மின்சாரத்தை விழுங்கும் வேலை. குளத்து நீரைவிட ஒவ்வொரு லீற்றருக்கும் செலவு கூட. கடன் கட்டி முடிந்த பிறகும் அந்த மின்பட்டியல் தொடரும். விவசாயிகளோடு பேசவேண்டிய பேச்சை 2010க்கு முன்னரே பேசியிருந்தால் வேறு வழி கிடைத்திருக்குமா என்பது திறந்த கேள்விதான். ஆனால் அந்தப் பேச்சு கடன் ஒப்பந்தத்துக்கு முன்னர் நடக்க வேண்டும், பின்னர் அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மன்னார் காற்றாலை?

ஆசிய அபிவிருத்தி வங்கியின் 200 மில்லியன் டொலர் கடனில் மன்னார்த் தீவின் தென்கரையில் எழுந்த 30 காற்றாலைகள் ஏறத்தாழ 100 மெகாவாட் திறன் கொண்டவை, 2020 டிசம்பரில் திறக்கப்பட்டவை. நான் மேலே கேட்ட மூன்று கேள்விகளில் இது இரண்டாவதில் தேறுகிறது. எரிபொருள் இறக்குமதிக்குப் போகும் டொலரை மிச்சப்படுத்துகிறது. ஆனால் மன்னார் மக்களிடம் கேட்டால் மழைவெள்ளம் வடியாமல் நிற்பது, மீன்பிடி, வலசைப் பறவைகள் என்று வேறு கணக்குச் சொல்வார்கள். 2025இல் அங்கே புதிய காற்றாலைகளுக்கு எதிராகப் போராட்டம் நடந்தபோது அரசாங்கம் வேலையை ஒரு மாதம் நிறுத்திவைக்க நேர்ந்தது. மின்சாரம் நாட்டுக்கு, வெள்ளம் தீவுக்கு என்றால் எந்த ஊர் ஒப்புக்கொள்ளும்?

மின்கட்டணத்தை ஏற்றச் சொன்னது இவர்கள்தானா?

செலவுக்கு ஏற்ற கட்டணம் என்பது நாணய நிதியத்தின் நிபந்தனை. வங்கிகளும் அதே பாட்டைத்தான் பாடின. ஒன்பது ஆண்டுகள் கட்டணத்தைத் தொடாமல் வைத்துவிட்டு 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம் ஏற்றினார்கள். மின்சார சபையின் நட்டத்தை அரச வங்கிகள் சுமந்து, அந்த வங்கிகளைத் திறைசேரி சுமந்த சங்கிலியை அறுப்பது அவசியம். ஆனால் அத்தனை ஆண்டு ஒத்திப்போட்டதை ஆறு மாதத்தில் வறிய வீட்டின் மீட்டரில் இறக்கியது வேறு விஷயம்.

அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு அவர்கள் கொண்டுவந்ததா?

வேர் 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தில் இருக்கிறது. உலக வங்கி 2016இலிருந்தே சமூகப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றின் வழியாகப் பயனாளிகளின் பதிவேட்டை உருவாக்க உதவிவந்தது. நெருக்கடி அதைத் துரிதப்படுத்தியது. 2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. குடும்பங்களை நான்கு தட்டுகளாகப் பிரித்து மாதம் 2,500 ரூபாய் முதல் 15,000 ரூபாய் வரை. 2025 தொடக்கத்தில் மிக வறியவர்களின் தட்டுக்கான தொகை 17,500 ஆனது.

அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதம் இல்லாமல், பணம் நேரே வங்கிக் கணக்குக்கு என்பது பெரிய முன்னேற்றம். தெரிவுமுறைதான் தலைவலி. வீடு, சொத்து, மின்பாவனை என்று அளவுகோல்களுக்குப் புள்ளி போட்டார்கள். உருப்படியான கல்வீடு இருந்து உழைப்பவர் இல்லாத வீட்டை அந்தப் புள்ளிமுறை சரியாகப் பார்ப்பதில்லை. முதல் சுற்றிலேயே இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. உலக வங்கியின் கணிப்பில் 2019இல் 11 சதவீதமளவில் இருந்த வறுமை 2024இலும் 24.5 சதவீதம். பொருளாதாரம் அந்த ஆண்டு 5 சதவீதம் வளர்ந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சிறு தொழில் செய்பவருக்கு இதில் ஏதாவது உண்டா?

நேரடியாக இல்லை. இந்த வங்கிகள் தனிமனிதருக்குக் கடன் கொடுப்பதில்லை. பணம் உள்ளூர் வங்கி வழியாக வரும், உள்ளூர் வங்கி ஈடு கேட்கும். ஈடில்லாதவருக்காக ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் தொடங்கப்பட்டிருக்கிறது. உங்கள் கடனில் ஒரு பங்குக்கு அது பொறுப்பேற்கும். விண்ணப்பம் வங்கிக் கிளையில்தான். கிளை முகாமையாளருக்கு இதைப்பற்றித் தெரிந்திருக்கிறதா என்பது அதிர்ஷ்டம்.

ஒரு காலத்தில் நம்மிடமே இதற்கு வங்கிகள் இருந்தன. 1955இல் டிஎப்சிசி, 1979இல் தேசிய அபிவிருத்தி வங்கி. இரண்டும் படிப்படியாகச் சாதாரண வணிக வங்கிகளாக மாறின. மீண்டும் ஓர் அபிவிருத்தி வங்கி என்ற பேச்சு 2025 வரவு செலவுத் திட்டத்தில் எழுந்தது.

ஆட்சி மாறினால் மூலோபாயமும் மாறுமா?

2024 செப்டெம்பரில் அதுதான் சோதனைக்கு வந்தது. அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார், நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்தி மூன்றில் இரண்டுக்கு மேல் ஆசனங்களைப் பிடித்தது. எதிர்க்கட்சியில் இருந்தபோது இந்தத் திட்டங்களைக் கடுமையாக விமர்சித்தவர்கள், நாணய நிதியத் திட்டத்தைத் தொடர்ந்தார்கள். 2025 மே மாதம் உலக வங்கித் தலைவர் அஜய் பங்கா கொழும்புக்கு வந்தபோது மூன்று ஆண்டுகளில் 1 பில்லியன் டொலர் என்று அறிவிப்பு வந்தது. வலுசக்தி, விவசாயம், சுற்றுலா, பிராந்திய அபிவிருத்தி ஆகியவற்றில் வேலைவாய்ப்பை உருவாக்குவது நோக்கம். வடக்கு கிழக்கின் பெயரும் அதில் இருந்தது. அறிவிப்பை விட்டுவிட்டு, எவ்வளவு உண்மையில் விடுவிக்கப்பட்டது என்று பாருங்கள். பெரும்பாலான அபிவிருத்திக் கடன் அறிவிப்பில் வேகமாகவும் செலவில் ஆமையாகவும் நகரும்.

டித்வா புயலுக்குப் பிறகு என்ன?

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையகத்தில் மண்சரிவு ஊர்களையே மூடியது. நேரடிச் சேதத்தை உலக வங்கி ஏறத்தாழ 4.1 பில்லியன் டொலர் என்று மதிப்பிட்டது. நாணய நிதியத்தின் முழு நான்காண்டுத் திட்டத்தையும்விட அது பெரிய தொகை. மூலோபாயத்தின் மூன்றாவது முனையாக, சற்றுப் பின்னால் இருந்த காலநிலை அதிர்ச்சி ஒரே வாரத்தில் முன்னால் வந்துவிட்டது. மறுகட்டுமானத்தையும் கடனிலேயே செய்வதென்றால், அதுவும் தள்ளுபடி இல்லாத அதே வகைக் கடன். இந்த ஓர் இடத்தில் நன்கொடை கேட்டுப் பிடிவாதம் பிடிக்க அரசாங்கத்துக்கு எல்லா நியாயமும் உண்டு.

ஒரு திட்டத்தால் எங்கள் ஊருக்குப் பாதிப்பு. எங்கே போவது?

முதலில் திட்ட அலுவலகத்தில் எழுத்தில் முறையிட்டு, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பலனில்லை என்றால் வங்கிக்கே போகலாம். ஆசிய அபிவிருத்தி வங்கியில் பொறுப்புக்கூறல் பொறிமுறை, உலக வங்கியில் பரிசோதனைக் குழு. பாதிக்கப்பட்ட இருவர் சேர்ந்தால் போதும், சட்டத்தரணி வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதலாம். கொழும்பு–மாத்தறை அதிவேக வீதிக்குக் காணி இழந்தவர்கள் 2004இல் ஆசிய அபிவிருத்தி வங்கியிடம் இந்த வழியில் போனார்கள், வங்கி தன் விதிகளை மீறியதா என்ற விசாரணையும் நடந்தது. வீதி நிற்கவில்லை. கடன் கணக்கு மூடப்பட்டு இரண்டு ஆண்டு கடந்தால் ஆசிய அபிவிருத்தி வங்கி முறைப்பாட்டை எடுக்காது, எனவே திறப்புவிழா முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.